அடிக்குறிப்பில் ஒரு சம்பந்தி

9

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டபோது கோயிலில் ஒருவரும் இருமக்கூட இல்லை என்பது சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படிக்காதவர்களுக்காக மறுபடி ஒரு தடவை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, குருவானவர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபையார் முன் வாசிப்பார். அதற்குத்தான் ஓலை என்று பெயர். வாசித்து முடித்ததும், "இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம்" என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் நிற்பார். அந்த ஒரு மூச்சில் மாப்பிள்ளை பால்துரைக்கு ஒரு வயது கூடிவிடும். இரண்டு வயது கூடியாயிற்று. மூன்றாவது நாளைக்கு.

பெண் வேதமணி, ராஜபாளையத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவள் தகப்பனார் தேவஇரக்கம், ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பால்துரையின் தகப்பனார் ஞானராஜ், ஸ்ரீவில்லிபுத்தூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் முப்பது வருஷமாகப் பேசுவதில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரே கோயிலில் ஒரே தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ஒரே கர்த்தரைத் தனித்தனியாகத் துதித்து வந்தார்கள்.

காரணம் சொத்து அல்ல. ஆவாரங் கண்மாய். அதைப் பாண்டியன் வெட்டினான் என்று ஞானராஜ் ஒரு சின்னப் புஸ்தகம் போட்டார். நாயக்கர் வெட்டினார் என்று தேவஇரக்கம் ஒரு சின்னப் புஸ்தகம் போட்டார். இரண்டும் விற்கவில்லை. ஒன்றாவது விற்றிருந்தால் தோற்றவர் யாரென்று தெரிந்து சண்டை தீர்ந்திருக்கும்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் குருவானவர். அந்த வீட்டில் சொன்னதை இந்த வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கலந்து சொன்னார். யுத்த காலம், சர்க்கரை ரேஷனில். அது பெரிய தியாகம்.

மதராஸில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்ட பால்துரை, புத்தியுள்ளவனாக இருந்தால் வேறு கண்மாயைப் பிடித்திருப்பான். பெயருள்ளதும் இல்லாததுமாக ஜில்லா முழுக்கக் கண்மாய்தான். அவன் ஆவாரங் கண்மாயைப் பிடித்தான். ஆராய்ச்சியின் முதல் அத்தியாயத்தில், இதைப்பற்றி முன்னால் எழுதியவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். அது சட்டம். முன்னால் எழுதியவர்கள் உலகத்தில் மூன்றே பேர். ஒருவர் செத்துப்போன வெள்ளைக்காரக் கலெக்டர். மற்ற இருவரில் ஒருவர் பெற்றவர், ஒருவர் பெண் கொடுப்பவர்.

பால்துரை பந்தி விசாரிக்கிறவன் மாதிரி நடந்துகொண்டான். கலெக்டருக்கு ஒரு பத்தி. தகப்பனாருக்கு ஒரு பக்கம், மாமனாருக்கு ஒரு பக்கம். இந்த இலைக்கு ஒரு பாராட்டு விழுந்தால் அந்த இலைக்கும் ஒன்று. அப்பளம் முதற்கொண்டு சமம். எழுதி மதராஸுக்கு அனுப்பிவிட்டு, உலகத்தில் தன்னைப்போல் நீதிமான் இல்லை என்று நிம்மதியாக ஓலைக்கு நாள் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டு திரும்பி வந்தது. மேலே புரொபசரின் சிவப்புப் பென்சில்:

"இது ஆய்வு இல்லை, ஆஜர்ப் பட்டியல். ஒவ்வொருவராக எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் பேசவே மாட்டார்களா?"

பால்துரை அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். புரொபசர் மதுரைக்குத் தெற்கே வந்தவர் இல்லை. அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கீழே மிச்சமும் இருந்தது. "ஆளை விடு, கேள்வியைப் பிடி. ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாரும் என்ன சொன்னார்கள், எங்கே ஒத்துப்போனார்கள், எங்கே முட்டிக்கொண்டார்கள் என்று எழுது. எதை ஒருவருமே கேட்கவில்லை என்பதைக் கடைசியில் சொல். அங்கேதான் உன் வேலை ஆரம்பம். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விடு. டைப் அடிக்கையில் வரிக்கு வரி இரட்டை இடைவெளி. பெயர், வருஷம், பக்கம் எல்லாம் அடிக்குறிப்பில். புதன்கிழமை கமிட்டிக்கு முன் வந்து சேராவிட்டால் உன் பதிவை ரத்து செய்வார்கள். என்னால் தடுக்க முடியாது."

புதன்கிழமைக்குள் மதராஸ் சேர வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலத் தபாலில் போட வேண்டும்.

இன்று சனிக்கிழமை.

*

காலையிலேயே ஞானராஜ் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே நிமிர்வு.

"ஏலே, உங்க புரொபசர் என்ன சொல்லுதாரு? வரிசை சரியில்லங்காரா?"

"வரிசையே வேண்டாங்காரு அப்பா."

"வரிசை இல்லாம எப்படி? கல்யாணப் பத்திரிகையில வரிசை இல்லையா? கோயில்ல வரிசை இல்லையா? வருஷப்படி போடு. என் புஸ்தகம் முந்தி."

"மாமா புஸ்தகம்தான் ஒரு வருஷம் முந்தி வந்திருக்கு அப்பா."

ஞானராஜ் ஒரு கணம் யோசித்தார். "அப்ப வருஷப்படி வேண்டாம். அகர வரிசையில போடு. அதுதான் நியாயம். ஞானா முந்தி, தானா பிந்தி."

"தீஸிஸ் இங்கிலீஷ்ல இருக்கு. அதுல டி முந்தி, ஜி பிந்தி."

"வெள்ளைக்காரன் நம்மள எதுலதான் நிம்மதியா விட்டான்" என்றார் ஞானராஜ். யுத்தம் ஆரம்பித்த பிறகு அவர் சர்க்காரைப்பற்றிச் சொன்ன ஒரே கடுமையான வார்த்தை அது.

அடுக்களையிலிருந்து ஏசம்மாள் எட்டிப் பார்த்தாள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சுளகு கையிலேயே இருந்தது.

"ஏன் பாலு, இதுல அம்மா பேரு எங்கயாவது வருதா?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும்."

ஞானராஜ் கட்டை மகனிடம் நீட்டினார். "எனக்கு அந்த மனுசன் மேல ஒரு கோபமும் இல்ல. அவியள எங்க வேணும்னாலும் போடு. எனக்குக் கீழ போடு."

டைப் அடிக்க ராஜபாளையத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரே டைப்ரைட்டரில் 'இ' எழுத்து விழாது. 'இ' இல்லாமல் இங்கிலீஷில் கண்மாயைப்பற்றி எழுதுவது கஷ்டம். பால்துரை சட்டை மாட்டிக்கொண்டான்.

"ஓலை வாசிச்ச பொறவு மாப்பிள்ளை பொண்ணு வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றாள் ஏசம்மாள்.

"சாகுல் ஹமீது கடைப் படிதாம்மா ஏறப் போறேன்."

"அந்தப் படியிலயும் பாத்து ஏறு."

*

கரி பஸ் வழியில் ஒரு தடவை நின்றது. பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பஸ் கரிப்புகையிலும் பிரயாணிகளின் தோளிலுமாக ஓடிக்கொண்டிருந்தது.

சாகுல் ஹமீதின் கடை பஞ்சுப் பேட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு டைப்ரைட்டர், ஒரு நீள பெஞ்சு, ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தது நகை அல்ல, வெள்ளைத் தாள்.

பெஞ்சில் தேவஇரக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. அதனால் வாசித்துச் சொல்ல மகளையும் கூட்டி வந்திருந்தார். வேதமணி அப்பாவுக்கு அந்தப் பக்கமாக, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி இருந்தாள். அது போன வருஷத்துக் காலண்டர்.

பால்துரை வாசலில் நின்றான். "நீங்க வருவீங்கன்னு தெரியாது மாமா."

"பொண்ணு வீட்டுக்குத்தான மாப்பிள்ளை வரக்கூடாது? டைப் கடைக்குப் பொண்ணு வீட்டுக்காரன் வரலாம். பைபிள்ல தடை ஒண்ணும் இல்ல. கட்டு திரும்பி வந்துட்டுன்னு குருவானவர் சொன்னாரு. உக்காருங்க."

பால்துரை உட்கார்ந்தான். தேவஇரக்கம் கோபப்படுகிறவர் அல்ல. ரெவின்யூவில் இருந்தவர். ஜப்தி செய்யப் போன வீட்டிலும் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பவர்.

"இங்கிலீஷ் அகர வரிசையா?" என்றார்.

"இல்ல மாமா. கேள்விவாரியா."

"கேள்வின்னா?"

"யாரு வெட்டுனது, தண்ணி எங்கேருந்து வருது, எப்படிப் பங்கு வச்சாங்க. இப்படி."

"அதுல எம் பேரு எங்க வரும்?"

"அடிக்குறிப்புல மாமா. எல்லார் பேரும் அங்கதான்."

தேவஇரக்கம் தடியின் பூணைத் தரையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு மூணாம் ஓலை. ஆட்சேபணை உண்டான்னு குருவானவர் கேப்பாரு. முந்தின ரெண்டு தடவையும் நான் உக்காந்துதான் இருந்தேன். நாளைக்கும் உக்காரணுமா எந்திரிக்கணுமான்னு இந்தத் தாளைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன். நீங்க எழுதுங்க. அவசரமில்ல."

சாகுல் ஹமீது டைப்ரைட்டரின் மூடியைத் துடைத்தார். துடைக்க அதில் தூசி இல்லை.

"தம்பி, எம்புட்டுத் தாள் ஆகும்?"

பால்துரை புரொபசரின் அளவுகளைச் சொன்னான். ஒன்றரை அங்குல ஓரம். இரட்டை இடைவெளி. அடிக்குறிப்புக்கு மட்டும் ஒற்றை.

சாகுல் ஹமீது கேட்டு முடித்துவிட்டு, "யுத்த காலத்துல இம்புட்டு இடத்தைச் சும்மா விடச் சொல்லுத மனுசனை நான் பாத்ததில்ல" என்றார். "உங்க புரொபசர் ஜமீனா?"

*

பழைய பிரதியைப் பார்த்துப் புதிதாக எழுதப் பால்துரை பேனாவைத் திறந்தான். முதல் வரி எழுதினான். அதில் தகப்பனார் வந்தார். இரண்டாம் வரியில் மாமனார் வந்தார். அடித்தான். மறுபடி எழுதினான். மறுபடி இருவரும் வரிசையாக வந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

"சாகுல் அண்ணே, தாள் வெட்டுத கத்தி இருக்கா?"

கத்தி வந்தது. பால்துரை தன் பழைய பிரதியை வரி வரியாகக் கீற ஆரம்பித்தான். சாகுல் ஹமீது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தாளின் பின்பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

கீற்றுகளைப் பெஞ்சில் பரப்பினான். யார் வெட்டியது என்பதெல்லாம் இந்த ஓரம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் நடுவில். பங்கு வைத்தது அதற்கு அந்தப் பக்கம். தேவஇரக்கம் செத்த நேரம் பார்த்துவிட்டு, கீற்றுகளுக்கு இடம் விட்டுப் பெஞ்சிலிருந்து எழுந்து நாற்காலிக்குப் போனார். சர்வே என்றால் எழுந்து வழிவிடுகிற பழக்கம் அவருக்கு உத்தியோகத்திலிருந்தே உண்டு.

முதல் குவியலில் சண்டை. பாண்டியன், நாயக்கர், மறுபடி பாண்டியன். எதிர்பார்த்ததுதான்.

நடுக் குவியலில் பால்துரையின் கை நின்றது.

கலெக்டர், அந்தக் கண்மாய்க்கு மழைத் தண்ணீர் மட்டுமே வருகிறது என்று எழுதியிருந்தார். இல்லை, வத்திராயிருப்பு மலையிலிருந்து ஓடை வருகிறது, கலெக்டர் கோடையில் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று தகப்பனார் எழுதியிருந்தார். மாமனாரும் அதையே எழுதியிருந்தார். கோடை உள்பட.

மூன்றாவது குவியலைப் பார்த்தான். தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடை வயலுக்குத்தான் முதல் பாய்ச்சல், அந்த நியாயம் வேறு எந்த ஊரிலும் கிடையாது என்று இருவருமே எழுதியிருந்தார்கள். இருவருமே அந்த இடத்தில் கொஞ்சம் கண் கலங்கியிருந்தார்கள்.

முப்பது வருஷப் பகையில் இருவரும் மாறுபட்டது ஒரே ஒரு கேள்வியில். அதற்கு இருவரிடமும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இருந்த இடத்திலெல்லாம் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி மரியாதை செய்த வரைக்கும் அது பால்துரை கண்ணிலேயே படவில்லை.

வேதமணி காலண்டரை விட்டுவிட்டு, அப்பாவுக்கு வாசித்துச் சொல்கிற சாக்கில் பெஞ்சுக்கு வந்து கீற்றுகளைப் பார்த்தாள். எதையும் தொடவில்லை.

"இதுல எங்க அப்பா இருக்காங்க. உங்க அப்பா இருக்காங்க" என்றாள், கீற்றுகளிடம் சொல்வது போல. "நீங்க எங்க?"

"நானா?"

"உங்க தீஸிஸ்தானே இது?"

பெஞ்சின் கடைசியில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. முழங்கை வைக்க விட்ட இடம். பால்துரை அந்த இடத்தைப் பார்த்தான்.

போன சித்திரையில் அவன் சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் கண்மாயில் தூர் வாருவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறான். வீட்டுக்கு ஓர் ஆள், வருஷா வருஷம். யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. போகாத வீட்டுக்கு மட்டும் ஊரில் ஒருவரும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள் என்றார்கள். இதையெல்லாம் ஆராய்ச்சி என்று யாரும் சொல்லவில்லையே என்று அவன் எழுதாமல் விட்டிருந்தான்.

கண்மாயை எவனோ ஒருவன் ஒரு தடவை வெட்டிவிட்டுப் போய்விட்டான். அதைத் தூர்ந்துபோகாமல் இத்தனை காலம் வைத்திருந்தது யார் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

பால்துரை எழுத ஆரம்பித்தான். இப்போது பேனா நிற்கவில்லை. கேள்வி ஒன்று. அதில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். இரு கட்சிக்கும் சான்று போதாது. கேள்வி இரண்டு, மூன்று. கலெக்டரை உள்ளூர் நூலாசிரியர் இருவரும் ஒரே குரலில் மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரி. கடைசியாக ஒரு வரி. அதை எழுதுவதற்கு முன்னால் ஒரு தரம் மாமனாரைப் பார்த்தான். பிறகு எழுதினான்.

'கண்மாயைப் பேணி வந்தவர்கள் யார் என்ற கேள்வியைக் கலெக்டர் மட்டுமல்ல, இவர்கள் இருவருமே எழுப்பவில்லை. இந்த ஆய்வு அதை எழுப்புகிறது.'

எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் வேதமணி முதலில் அப்பாவுக்கு வாசித்தாள், பிறகு சாகுல் ஹமீது அடித்தார். டீச்சர் குரல், ஏற்ற இறக்கம் இல்லை. கடைசி வரியையும் அதே குரலில்தான் வாசித்தாள். சாகுல் ஹமீது டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார்.

"இருவருமேன்னு போட்டிருக்கா?" என்றார் தேவஇரக்கம்.

"ஆமாப்பா."

"சாகுல், அந்த வரியை மட்டும் இன்னும் அடிக்காம இரும்." பால்துரை பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, அந்த ஒரு வரி இல்லாட்டா தீஸிஸ் நிக்காதோ?"

பால்துரை கணக்குப் போட்டான். அந்த வரியை எடுத்தால் நாளைக்குக் கோயிலில் ஒருவரும் இரும மாட்டார்கள். புதன்கிழமை கமிட்டியில் இருமுவார்கள். வேதமணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல், தாளை ஓரம் சேர்த்துத் தட்டி அடுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

"அப்பாவுக்கு உண்மையாவே கோபம் வந்தா கண்ணாடியைக் கழத்தித் துடைப்பாங்க. இன்னும் கழத்தல."

"நிக்காது மாமா" என்றான் பால்துரை. "மத்ததெல்லாம் நீங்க எழுதினது. இது ஒண்ணுதான் நான் எழுதினது."

தேவஇரக்கத்தின் கை கண்ணாடி வரைக்கும் போயிற்று. மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கிற்று.

"அடியும் சாகுல்" என்றார்.

*

சாயங்காலத் தபாலுக்குக் கட்டு போய்ச் சேர்ந்தது. ரிஜிஸ்டர் ரசீதைப் பால்துரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இனி திரும்ப வாங்க முடியாது.

வெளியே தேவஇரக்கம் கார்பன் பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வேதமணியைச் சாகுல் ஹமீதின் வீட்டுப் பெண்கள் துணையோடு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. போகும்போது அவள் பால்துரையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா திரும்பியதால் காலண்டர் இல்லாத ஒரு சுவரைப் பார்த்தாள்.

"எங்க மாமா போறீங்க?"

"உங்க வீட்டுக்கு. சம்பந்தி வீட்டுக்கு நான் போகக்கூடாதுன்னும் ஒரு சாஸ்திரம் இருக்கா?"

வழியில் பஸ் மறுபடி நின்றது. பால்துரை இறங்கித் தள்ளினான். மாமனார் உள்ளே இருந்தபடி பிரதியைக் கண்ணுக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்து, அடிக்குறிப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசல் கதவைத் திறந்தவள் ஏசம்மாள். யார் வந்திருப்பது என்று பார்த்தாள். "வாங்க அண்ணே" என்று சொன்னாள். பிறகு அடுக்களைக்குள் போய், கல்யாணத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த சர்க்கரையை எடுத்தாள்.

ஞானராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்ததற்காக வருத்தப்பட்டவர் போல உடனே உட்கார்ந்தார். தேவஇரக்கம் எதிர் நாற்காலியில் அமர்ந்தார். பிரதியை நடுவே முக்காலியில் வைத்தார். முப்பது வருஷத்துக்கு ஒரு முதல் வார்த்தை வேண்டியிருந்தது. இருவரும் தேடினார்கள்.

ஞானராஜ் பக்கங்களைப் புரட்டினார். மேலே தேடினார், இல்லை. கீழே போனார், அங்கே இருந்தார்.

"உம்மையும் அடியிலதான் போட்டிருக்கானா?" என்றார்.

"அடியிலதான்வே" என்றார் தேவஇரக்கம். "ஒரே வரியில."

"நெருக்கி அடிச்சிருக்கான்."

"மேல இருக்கவனுக்கெல்லாம் இரட்டை இடைவெளி. நமக்கு ஒத்தை. மூச்சு விட இடமில்ல."

"செத்துப்போன கலெக்டருக்கு?"

"அவனும் நம்மகூடத்தான் கெடக்கான்."

அதில் ஞானராஜுக்கு ஒரு சின்னத் திருப்தி ஏற்பட்டதைப் பால்துரை கவனித்தான். பிறகு ஞானராஜ் கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்தார். இரண்டாம் தடவை விரல் வைத்துப் படித்தார்.

"இருவருமே எழுப்பவில்லை" என்றார் மெதுவாக. "வே, நீர் எழுப்பலையா?"

"நீரு எழுப்பினீரா?"

"நான் பாண்டியன்ட்ட மாட்டிக்கிட்டேன். எனக்கு ஏது நேரம்?"

"நானும் அங்ஙனதான் வே, நாயக்கர்ட்ட."

காபி வந்தது. இருவரும் குடித்தார்கள். நடுவில் பயல் நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். ஓடை எந்த வளைவில் திரும்புகிறது, எந்த வருஷம் கரை உடைந்தது, கலெக்டர் எந்த மரத்தடியில் கூடாரம் அடித்திருப்பான் என்று பேச்சு ஓடிற்று. கோடையில்தான் வந்திருப்பான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அடுக்களை வாசலில் ஏசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பால்துரைக்கும் நெஞ்சு லேசாயிற்று. புரொபசர் கேட்டது நடந்துவிட்டது. இவர்கள் ஒருவரோடொருவர் பேசிவிட்டார்கள்.

அவனுக்கு அந்த லேசு ஒரு டம்ளர் காபி நேரம் நீடித்தது.

"எல்லாம் சரி" என்றார் ஞானராஜ், டம்ளரைக் கீழே வைத்து. "ஆனா ரெண்டு பெரியவங்களை ஒரு பய அடியில போட்டு, கடைசியில ஒண்ணும் கேக்கலன்னு எழுதி, தபால்லயும் சேத்துட்டான். இதுக்கு நாம என்ன செய்ய?"

"மறுப்பு எழுதலாம்" என்றார் தேவஇரக்கம். "சேந்து."

"எவன் போடுவான்? முந்தினதே விக்கல."

"அப்ப?"

ஞானராஜ் மகனைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிரம்பை எடுக்குமுன் பையன்களைப் பார்க்கிற, அந்த அன்பான பார்வை.

"நாளைக்கு மூணாம் ஓலை" என்றார். "குருவானவர் கேப்பாரு. சபை முழுக்க இருக்கும். கல்யாணத்தை நிறுத்தணும்னு இல்ல. ஆட்சேபணை இருக்குன்னு ஒரு வார்த்தை. பொறவு வாபஸ் வாங்கிக்கிடலாம்."

"எந்திரிச்ச ஆட்சேபணையை வாபஸ் வாங்க சபையில விதி இருக்கா?" என்றாள் ஏசம்மாள். அது ஒருவருக்கும் தெரியாது.

"ரெண்டு பேரும் சேந்தா?" என்றார் தேவஇரக்கம்.

"சேந்துதான். முப்பது வருசம் தூணுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்தாச்சு. நாளைக்கு ஒண்ணா எந்திரிப்போம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். பால்துரையின் சட்டைப் பைக்குள் ரிஜிஸ்டர் ரசீது இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தான். பட்டம் ஏறக்குறையப் பத்திரம். பெண் பத்திரமில்லை.

ஞானராஜ் வழியனுப்ப எழுந்தார். வாசல் வரைக்கும் வந்தவர், நிலைப்படியில் கை வைத்து நின்றார்.

"ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு வே. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பேசுனா சபைக்குப் புரியாது. யாரு முதல்ல எந்திரிக்கது?"

தேவஇரக்கம் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியை எடுத்து, மெதுவாக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கமாக, அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

பால்துரை கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் நாளைக் காலை ஆராதனை மணி அடிக்கும் வரைக்கும் விடை கிடைக்கக் கூடாது என்று, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மனப்பூர்வமாக ஜெபித்தான்.